முறை தவறாத சலவை

தரைக்கடியில் இருந்த உருளைக்கிழங்கு அறைக்குள்ளிருந்து இல்டா மூன்றாவது நாளாகக் கதவை உதைத்துக்கொண்டிருந்தாள். வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வீட்டு மேற்பார்வையாளர் எல்மர் மூன்றாவது நாளாக அதைக் காதில் வாங்காமல் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அஞ்சே நிமிஷம். பேசிட்டு வந்துடறோம்,” என்றார் துப்பறியும் ஒட்டிலியா கிஸ்லர்.

“அஞ்சுன்னா அஞ்சு,” என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தார் எல்மர்.

“ஆறாயிடுச்சுன்னா எங்களையும் சேர்த்துப் பூட்டிடுவீங்களா?” என்று கேட்டான் டூலியோ.

“அதுக்கு விதி இல்லை,” என்றார் எல்மர் சிரிக்காமல்.

டூலியோ வாயடித்தானே தவிர, உள்ளே கால் வைக்க மனசு வரவில்லை. ஒட்டிலியாவிடம் ஒன்பது வருஷமாக உதவியாளன். துப்பாக்கி முனையில் நின்றுகொண்டு ஜோக்கடித்தவன். மூடிய அறை என்றால் மட்டும் வாசலோடு நின்றுவிடுவான். இந்த லட்சணத்தில் ஆண்டவன் ஊரையே மூடி வைத்திருந்தான். நாலு நாள் பனியில் சறுக்கலாமென்று இரண்டு பேரும் இன்னர்மாட் என்ற இந்த மலைக்கிராமத்துக்கு வந்து இந்த அடுக்கு வீட்டில் தங்கியது போன வெள்ளிக்கிழமை. சனியன்று கொட்ட ஆரம்பித்த பனி நிற்கவேயில்லை. கீழே பள்ளத்தாக்குக்கு இறங்கும் ஒரே சாலையை, பனிச்சரிவு பயத்தில் ஞாயிறு காலை மூடினார்கள். மேகம் இறங்கி ஹெலிகாப்டரும் வரவில்லை. விடுமுறைக்கு வந்தவன், ஊர்க்காரன், நாய், பூனை, எல்லாம் உள்ளே.

சாலையை மூடச் சொன்னவர் பால்ஸ் ரைனர். மலையைப் பார்த்து, எப்போது சரியும் எப்போது சரியாது என்று சொல்வது அவர் வேலை. இதே வீட்டில் இரண்டாம் மாடிக்காரர். அன்றைக்குச் சாயங்காலமே அவர் தரைக்கடிக்கு இறங்கும் படிக்கட்டின் கீழே மண்டை உடைந்து கிடந்தார். கிராம வைத்தியர் வீட்டில் படுக்கப் போட்டிருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

யார் செய்தது என்று ஊர் அரை நாளில் முடிவு கட்டிவிட்டது. விடுமுறைக்காரர்கள் தங்கும் வீடுகளைத் துடைத்துப் பெருக்கும் போர்ச்சுகல்காரி இல்டாதான், ஞாயிறு மத்தியானம் நடுத்தெருவில் பால்ஸைப் பிடித்துக் கத்தினாள். மறுநாள் அவளுக்கு விமானம். ரோட்டைத் திற என்றாள், மாட்டேன் என்றார். போதாக்குறைக்குத் திங்கள் காலை ஏழு மணிக்கு அவள் சலவை இயந்திரத்தைப் போட்டாள். வீட்டுக்கே பொதுவாக ஒரே இயந்திரம், ஆளுக்கு ஒரு நாள் முறை; திங்கள் எல்மரின் சலவை நாள். ரத்தக் கறையைக் கழுவத்தான் அவ்வளவு அவசரம் என்று எல்மர் சொல்ல, எல்லாரும் தலையாட்டினார்கள். போலீஸ் போனில், ஆள் ஊரை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. யாருமே போக முடியாத ஊரில் இதைக் கேட்டு வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். எல்மர் பூட்டு வாங்கி வந்தார்.

இல்டா சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“ரெண்டு மணிக்கு ரோட்டைத் திறக்கறாங்களாமே மேடம்? முதல் வண்டி போலீஸ் வண்டியாமே?”

“ஆமா.”

“அதுல என்னை ஏத்திட்டாங்கன்னா அவ்வளவுதான். அப்புறம் நான் செய்யலைன்னு தெரிஞ்சு விட்டாலும், எவன் என்னை நம்பி வீட்டுச் சாவியைக் கையில கொடுப்பான்? திங்கட்கிழமை என் பையனுக்கு ஆறு வயசு முடிஞ்சுது. கேக்கை வெட்டமாட்டேன், அம்மா வரட்டும்னு உட்கார்ந்திருக்கான். அவன்கிட்ட நான் என்ன சொல்றது? ஜெயில்ல இருக்கேன்னா?”

“திங்கட்கிழமை என்ன துவைச்சே?”

“மேல் வீட்டு ஜெர்மன்காரங்க குழந்தை படுக்கை பூரா வாந்தி எடுத்துடுச்சு. எங்களுக்குச் சலவை நாள் சனிக்கிழமை. அதுவரைக்கும் அந்த நாத்தத்தைக் கட்டிக்கிட்டு அழ முடியுமா? துவைச்சேன்.”

ஒட்டிலியாவின் முகத்தில் ஏதோ மாறியது. டூலியோவுக்கு அந்த முகம் பழக்கம். மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த முகம்.

“முடியுமான்னா கேட்டே?” என்றார் மெதுவாக. “இந்த வீட்டுல உன்னைத் தவிர எல்லாராலயும் முடியும். அடடா, இது ஏன் எனக்கு முதல்லயே உறைக்கலை! டூலியோ, வா.”

“நாலரை நிமிஷம்தான் ஆச்சு,” என்று டூலியோ எல்மரிடம் சொல்லிக்கொண்டே ஒட்டிலியா பின்னால் ஓடினான். “மிச்ச அரை நிமிஷத்தை எங்க பேர்ல வச்சிருங்க சார்.”

நடைபாதையில் ஒட்டிலியா நடந்துகொண்டே பேசினார். ஐம்பத்தெட்டு வயசு, குட்டைக் கால், ஆனால் யோசனை வந்துவிட்டால் டூலியோவால் ஈடுகொடுத்து ஓட முடியாது.

“பால்ஸ் எப்படிக் கிடந்தார்?”

“தலைக்கடியில அவரோட தொப்பியை மடிச்சு வச்சிருந்துச்சு.”

“யாரோ அவர் தலையைத் தூக்கியிருக்காங்க. அவ்வளவு ரத்தத்துல தூக்கினா உடுப்புல படாம இருக்குமா? பட்ட உடுப்பு எங்கே? ஊரை விட்டுப் போயிருக்காது. குப்பையில போட்டிருந்தா?”

“குப்பை வண்டி வரலை. பை எல்லாம் வாசல்ல வரிசையா நிக்குது. எல்மர் தினமும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டுப் போறார், ஆஸ்பத்திரியில டாக்டர் பார்க்கிற மாதிரி.”

“எரிச்சிருந்தா?”

“ஊருக்கே பொதுக் கொதிகலன். இந்த வீட்டுல அடுப்பு கிடையாது.”

“அப்ப துவைக்கணும். இல்டா திங்கட்கிழமை துவைச்சா, அதனால அவதான்னு சொல்றாங்க. நான் தலைகீழா சொல்றேன். திங்கட்கிழமை துவைச்சதாலயே அவ இல்லை. நம்ம நாட்டு ஆளுங்கள்ல ஒருத்தர் செஞ்சிருந்தா, அவங்க முறை வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க.”

டூலியோ நின்றேவிட்டான். “மேடம், மண்டையை உடைக்கத் துணிஞ்ச ஆள், எல்மரோட சலவை நாளை மீறத் துணியமாட்டாரா?”

“மாட்டார்.”

சிரிக்கலாமென்று வாயைத் திறந்தவனுக்குத் தன் கதை ஞாபகம் வந்தது. அவன் மலைக்குத் தெற்கே, இத்தாலி பேசும் பக்கத்துக்காரன். வடக்கே குடிவந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் ஒரே ஒரு ஜோடி காலுறை காயப்போட்டான். திங்களன்று நான்கு பேர் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமை கைக்குட்டையைக்கூட உதறுவதில்லை.

“நேத்து செவ்வாய்,” என்றார் ஒட்டிலியா. “யார் முறை?”

“பால்ஸ் முறை. அவர் அங்கே பேச்சுமூச்சில்லாம கிடக்கார்.”

“இயந்திரம்?”

“நாள் பூரா சும்மாதான் இருந்துச்சு,” என்ற டூலியோ தலையில் கை வைத்துக்கொண்டான். “ஐயோ, ஆமாம் மேடம்! ஆள் நினைவில்லாம கிடந்தும் ஒருத்தரும் தொடலை.”

தரைக்கடியில் சலவை அறை ஆஸ்பத்திரி மாதிரி பளபளத்தது. இயந்திரம் ஓடி முடித்திருந்தது. அதன் திருகு ‘குளிர்ந்த நீர்’ என்ற இடத்தில் நின்றது. சுவரில் அட்டவணை. ஒட்டிலியா கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் படித்தார். புதன் கட்டத்தில் விரலை வைத்தார். உள்ளே, காயப்போடும் அறையில், சூடான காற்றுப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

காயப்போடும் அறை என்பது மரியாதைக்கு. அது இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு கட்டி வைத்த யுத்தகாலப் பதுங்கறை. யுத்தம் வராததால் ஜட்டி பனியன் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு முழம் கனமுள்ள கான்கிரீட் கதவு. அதில் எல்மரின் எழுத்தில் ஒரு சீட்டு: ‘உள்பக்கக் கைப்பிடி பழுதுபார்க்கக் கழற்றப்பட்டுள்ளது. கதவைச் சாத்தவேண்டாம்.’ தேதி, கையெழுத்து.

“நான் வெளியிலயே காவலுக்கு நிக்கறேனே,” என்றான் டூலியோ.

“உயரத்துல தொங்கறதை யார் எட்டிப் பார்க்கிறது? வா உள்ளே.”

கதவிடுக்கில் ஒரு துணிக்கூடையை முட்டுக்கொடுத்துவிட்டு, அது நிற்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் டூலியோ நுழைந்தான். கொடியில் ஒரே ஒரு உருப்படி. கருநீலத்தில், இறகு அடைத்த பெண்கள் குளிர்கோட்டு, காற்றுப் பெட்டிக்கு நேர் எதிரே, தோளில் ஒரு சுருக்கமில்லாமல் மாட்டியிருந்தது. டூலியோ கோட்டின் இடது கையை விரித்துப் பிடித்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, தண்ணீருக்குப் போகாத பழுப்புத் திட்டு ஒன்று இன்னும் மிச்சமிருந்தது.

“மேடம்...”

பின்னால் கூடை சரசரவென்று நகரும் சத்தம். திரும்புவதற்குள் கதவு மூடிக்கொண்டது. வெளியே நெம்புகோல் இறங்கியது. அதோடு விளக்கும் அணைந்தது. அதன் சுவிட்சும் வெளியில்தான் இருந்தது.

டூலியோ கதவின் மேல் பாய்ந்தான். தோளால் இடித்தான், உதைத்தான், வாய்க்கு வந்த இத்தாலியக் கெட்ட வார்த்தை அத்தனையும் சொல்லித் தீர்த்தான். அணுகுண்டுக்கு அசையாமல் இருக்கக் கட்டிய கதவு, இவன் தோளுக்கா அசையும்? கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. அதன் வெளிச்சத்தில் மணி மட்டும் தெரிந்தது. பதினொன்று இருபது.

“கத்தாதே. எல்மர் காதுக்கு எட்டினாலும் இல்டான்னு நினைச்சுக் குறுக்கெழுத்துப் போடுவார்,” என்றது ஒட்டிலியாவின் குரல் இருட்டுக்குள்ளிருந்து.

“மூச்சு... மூச்சு முட்டுது மேடம்.”

“காத்துப் பெட்டி ஓடிக்கிட்டிருக்கு. காத்து வராம சூடு மட்டுமா வருது? தரையில உட்காரு.”

உட்கார்ந்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. மேலே எத்தனை அடி கான்கிரீட், அதற்கு மேல் எத்தனை அடி பனி, அதற்கும் மேல் எத்தனை மலை என்று மனசு பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனது. இரண்டு மணிக்குப் போலீஸ் வரும், இல்டாவை ஏற்றும், கீழே போகும். இவர்களைத் தேடி யார் வருவார்கள்? அடுத்த முறைக்காரர் வருவதற்குள் இரண்டு பேரும் செத்துக் காய்ந்து கொடியில் தொங்கிக்கொண்டிருப்போம் என்று அவனுக்கு நிச்சயமாகப்பட்டது. பயம் என்று சொல்லக் கூச்சப்பட்டு எப்போதும் ஜோக்கடிப்பான். இப்போது அந்தக் கூச்சமும் போய்விட்டது.

“ஏதாவது பேசுங்க மேடம். உங்க குரல் நின்னா நான் அழுதுடுவேன்.”

“சரி. நம்ம வந்ததிலிருந்து இந்த வீட்டுல எல்லாரும் வாசல் பனியைத் தள்ளினாங்க இல்ல? யாராவது விநோதமாப் பட்டாங்களா?”

டூலியோ கண்ணை மூடி யோசித்தான். இருட்டில் கண்ணை மூடினாலென்ன, திறந்தாலென்ன. “ஒருத்தர். மூணாம் மாடி ரோஸ்லியம்மா. மைனஸ் பன்னிரண்டுல வெறும் ஸ்வெட்டரோட பனி தள்ளிக்கிட்டிருந்தாங்க. எழுபத்தஞ்சு வயசுல என்னா தெம்புடான்னு நினைச்சேன்.”

“தெம்பு இல்லை. கோட்டு இல்லை.”

“ரோஸ்லியம்மாவா? நமக்கு வாதுமைப் பிஸ்கட் கொடுத்த அம்மாவா? போங்க மேடம்!”

“அவங்க முறை நாளைக்கு, வியாழக்கிழமை. இன்னிக்குக் காலை நாலாம் மாடி ஸோப்ஃபியோட முறை. அட்டவணையில ரூலர் வச்சுக் கோடு போட்டு மாத்தியிருக்கு. ‘பரஸ்பர சம்மதத்துடன், நன்றியுடன்’. ரெண்டு பேரும் கையெழுத்து. நேத்துத் தேதி.”

“அப்ப குற்றவாளி தடயத்தைக் கழுவ, எழுத்து மூலமா அனுமதி வாங்கிக் கையெழுத்தும் போட்டிருக்காங்க.” டூலியோவுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. “ஆனா வீட்டுத் தொட்டியிலயே கையால கசக்கியிருக்கலாமே?”

“கசக்கியிருப்பாங்க. அதான் கறை பரவியிருக்கு. இறகு அடைச்ச கோட்டு, நனைஞ்சா வீட்டுல அஞ்சு நாளானாலும் காயாது. இந்தச் சூடு வேணும். ரெண்டு மணிக்குள்ள வேணும். ஏன் ரெண்டு மணிக்குள்ளன்னுதான் எனக்குப் புரியலை. நாளைக்கு அவங்க முறையிலயே துவைச்சிருக்கலாம்.”

“போலீஸ் வர்றதுக்கு முன்னாடி அழிக்கத்தான்.”

“அப்படின்னா பொசுக்குன்னு நேத்து சும்மா கிடந்த இயந்திரத்துல போட்டிருப்பாங்களே. முறை பார்த்துத் துவைக்கிறவங்க தடயம் அழிக்கிற ஆளா எனக்குப் படலை.” ஒட்டிலியா பெருமூச்சு விட்டார். “வந்ததும் கேட்டுக்கலாம்.”

“வந்ததுமா? யார் வரப்போறா?”

“அவங்கதான். பன்னிரண்டு மணிக்கு.”

“நம்மளை உள்ளே தள்ளிப் பூட்டினவங்களே வந்து திறப்பாங்களா? மேடம், உங்களுக்குச் சூடு தலைக்கேறிடுச்சு.”

“காலை முறை பன்னிரண்டு மணியோட முடியுது. அதுக்குள்ள கொடியைக் காலி பண்ணி, பஞ்சு துடைச்சு, தரையைத் துடைச்சு, சாவியை ஆணியில மாட்டணும். எழுபத்தஞ்சு வருஷமா அப்படியே வாழ்ந்தவங்க, டூலியோ. ஆளைப் பூட்டி வைப்பாங்க. ஆனா அடுத்த முறைக்காரரைக் காக்க வைக்கமாட்டாங்க.”

டூலியோ அதை நம்பவில்லை. நம்பாவிட்டாலும் வேறு பிடிமானம் இல்லாததால் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு மணியையே பார்த்தான். பதினொன்று ஐம்பது. காற்றுப் பெட்டி உறுமியது. ஐம்பத்தாறு. ஐம்பத்தொன்பது. “வரலை,” என்றான். “வரமாட்டாங்க மேடம், நம்ம கதை முடிஞ்சுது.”

மாதா கோயில் மணி எங்கேயோ வெகு மேலே அடிக்க ஆரம்பித்தது. நெம்புகோல் மேலே ஏறியது.

விளக்கு வெளிச்சத்தில் ரோஸ்லியம்மா நின்றார். ஒரு கையில் துடைப்பத் துணி, மறு கையில் பஞ்சு எடுக்கும் தூரிகை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“மன்னிக்கணும்,” என்றார். “என் நேரம் முடிஞ்சுது.”

டூலியோ அவரைத் தாண்டிப் பாய்ந்து வெளியே போய், சலவை அறைச் சுவரில் சாய்ந்து, ஓட்டப்பந்தயம் ஓடியவன் போல மூச்சு வாங்கினான். அந்த அம்மாவைத் திட்ட வேண்டுமென்று பத்து வார்த்தை சேர்த்து வைத்திருந்தான். அவர் துடைப்பத் துணியோடு நிற்பதைப் பார்த்ததும் பத்தும் போயிற்று.

“பால்ஸை எதால அடிச்சீங்க ரோஸ்லியம்மா?” என்றார் ஒட்டிலியா, கதவிலேயே நின்று.

“அடிக்கலை. சத்தியமா அடிக்கலை.” அவர் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். “என் வீட்டுக்காரர் காஸ்பர் கீழே ஆஸ்பத்திரியில இருக்கார். இன்னும் ரெண்டு நாளோ மூணு நாளோன்னு ஞாயித்துக்கிழமை காலையில நர்ஸ் போன் பண்ணிச் சொன்னா. அன்னிக்குப் பார்த்து ரோட்டை மூடிட்டாங்க. பால்ஸ்கிட்ட கெஞ்சினேன். ஒரே ஒரு வண்டி, என்னை மட்டும் விடுன்னேன். ‘ஒருத்தருக்குன்னு திறந்தா எல்லாருக்கும் திறக்கணும், மலை என் பேச்சைக் கேக்காதும்மா’ன்னு சொல்லிட்டுப் படி இறங்கினார். நான் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். அவர் உதறினார். அவ்வளவுதான். உருண்டுட்டார்.”

“தலையைத் தூக்கித் தொப்பியை வச்சீங்க.”

“எல்மர் வீட்டு மணியை அடிச்சுட்டு ஓடிட்டேன். சொல்லியிருந்தா என்னைப் பிடிச்சு வச்சிருப்பாங்க. நான் காஸ்பரைப் பார்க்கணும். தினமும் கேக்கறாராம், ரோஸ்லி வரலையா, ரோஸ்லி வரலையான்னு. இன்னிக்கு ரெண்டு மணி பஸ்ல ஏறிட்டா போதும்னு இருந்தேன். ரத்தக் கறையோட எப்படி அவர் முன்னாடி நிக்கறது? இருக்கிறதே இந்த ஒரு கோட்டு. நீங்க உள்ளே போனதைப் பார்த்ததும் கை தானா சாத்திடுச்சு.”

“அவரைப் பார்த்துட்டு, அப்புறம்?”

“அங்கிருந்து போலீஸுக்குச் சொல்லியிருப்பேன்.”

“அதுவரைக்கும் இல்டா?” ஒட்டிலியாவின் குரல் உயரவில்லை. “உங்க வீட்டுக்காரரை நீங்க பார்க்கணும்ங்கறதுக்காக, அவ பையனை அவ பார்க்கக்கூடாதா?”

ரோஸ்லியம்மா கையிலிருந்த துணியை நாலாக மடித்துக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, தானே நடைபாதையில் நடந்து, இல்டா அடைபட்ட கதவுக்கு எதிரே எல்மர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். எல்மர் முழுக்கக் கேட்டார். பென்சில் கீழே விழுந்தது. “நீங்களா? நீங்க ஒரு நாள்கூட முறை தவறினதில்லையே ரோஸ்லியம்மா,” என்றார், அழாத குறையாக.

இரண்டு மணிக்குப் பனி தள்ளும் வண்டி கொம்பூதிக்கொண்டு முன்னால் வர, பின்னாலேயே போலீஸ் வண்டி வந்தது. இளவயசு அதிகாரி ஒருவர் கோட்டை உறையில் போட்டுச் சீல் வைத்தார். ஒட்டிலியா தன் கம்பளிப் போர்வையை ரோஸ்லியம்மாவின் தோளில் போட்டார். வைத்தியர் வீட்டிலிருந்து ஆள் வந்து, பால்ஸ் விரலை அசைத்தார் என்றும் இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றும் சொன்னான்.

இல்டா வெளிச்சத்துக்குக் கண் கூச வாசலில் நின்றாள். தலைமுடியில் உருளைக்கிழங்கு மண். ரோஸ்லியம்மா அவளிடம் போனார். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் இல்டா கேட்டாள்.

“உங்க படுக்கையறை அந்த அறைக்கு நேர் மேலதானே? குழாய் வழியா சத்தம் வரும். நான்தானே அங்கே தரை துடைக்கிறேன், எனக்குத் தெரியும். நான் கத்தினது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு,” என்றார் ரோஸ்லியம்மா.

“ரெண்டு ராத்திரியும்?”

“ரெண்டு ராத்திரியும்.”

இல்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டூலியோ அவளை அணைத்துக்கொண்டு ஏதாவது சொல்லலாமென்று ஓரடி வைத்தான். ஒட்டிலியா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். வாசலில் கூடிய ஊர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ரோஸ்லியம்மா பின் இருக்கையில் ஏறினார். “போற வழியில ஆஸ்பத்திரி...” என்று அவர் ஆரம்பிக்க, அதிகாரி தலையசைத்தார். “முதல்ல ஸ்டேஷன்மா. வாக்குமூலம், கையெழுத்து, அப்புறம் மாஜிஸ்டிரேட் அனுமதி கொடுத்தா பார்க்கலாம். அதுதான் முறை.”

இல்டா விடுவிடுவென்று வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். இரண்டு கையையும் வண்டி மூக்கின் மேல் ஊன்றிக்கொண்டாள்.

“அம்மா, வழியை விடுங்க,” என்றார் அதிகாரி கண்ணாடியை இறக்கி.

“விடமாட்டேன். முறைன்னு சொல்லித்தான் என்னை உருளைக்கிழங்கோட பூட்டினாங்க. இந்தம்மாவை நான் மன்னிக்கலை. சாகிற வரைக்கும் மன்னிக்கமாட்டேன். ஆனா இவங்க வீட்டுக்காரர் என்னை ஒண்ணும் பண்ணலை. ரோஸ்லி வரலையான்னு கேட்டுக்கிட்டுக் கிடக்கிற மனுஷன்.” அவள் கையை இன்னும் அழுத்தி ஊன்றினாள். “முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லு, நகர்றேன். இல்லேன்னா என்னையும் ஏத்து. மூணு நாளா அதுக்குத்தானே தயாரா இருந்தேன்!”

அதிகாரி ஒட்டிலியாவைப் பார்த்தார். எல்மரைப் பார்த்தார். எல்மர் சற்று யோசித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, போய் இல்டாவின் பக்கத்தில் வண்டியை மறித்து நின்றார்.

“சரி,” என்றார் அதிகாரி. “ஆஸ்பத்திரி.”

இல்டா கையை எடுத்தாள்.